முழங்கை ஆழத்துத் தண்ணீர்

"படிக்கிறேன், கேட்டுக்கோ. அறிவுன்னா இப்படி இருக்கணும்" என்று கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

வீட்டின் பின்பக்கம் இருந்த சின்ன நீச்சல் குளத்தின் நீர்ப் பரிசோதனை அறிக்கை அவர் கையில் இருந்தது. வாராவாரம் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குளத்து மருந்து விற்கும் கடைக்குக் கொண்டுபோவதும், அறிக்கையை வாங்கிவருவதும் அவர் மனைவியின் வேலை. ஞாயிற்றுக்கிழமை மருந்து கலப்பது அவருடைய அதிகாரம். அளவுக் குவளை இருந்தது. அவர் கண்மதிப்பை நம்பினார்.

"'காரத்தன்மையை முதலில் சரிசெய்யவும். உச்சிவெயிலில் குளோரின் போடாதீர்கள், வெயில் அதைத் தின்றுவிடும்.' என்ன தெளிவு பாரு. புதுசா ஒரு அம்மா பரிசோதகரா சேர்ந்திருக்காங்களாம். கடைக்காரரே போன்ல பெருமையா சொன்னார்."

"போன மாசம் நானும் இதைத்தாங்க சொன்னேன்."

"நீ சொல்றதும் அவங்க சொல்றதும் ஒண்ணா?"

ஒன்றுதான். ஆனால் அவள் சொன்னதில் கடையின் முத்திரை இல்லை. பத்தொன்பது வருடமாக அவள் பேச்சு எதிலும் முத்திரை இருந்ததில்லை.

குளத்திலிருந்து ஏறிவந்த மகள் தலையைத் துவட்டினாள். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"அப்பா, இது குளமா, மிளகாய்க் கரைசலா?"

"உங்கம்மாவைக் கேளு. தண்ணியை மேலாப்புல பிடிச்சிருப்பா. கணக்கு எப்படிச் சரியா வரும்?"

"கடைசி வரியையும் படிங்க" என்றாள் மனைவி.

அவர் படித்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "'தண்ணீர் முழங்கை ஆழத்தில் சரியாக எடுக்கப்பட்டிருக்கிறது. பிழை மருந்து கலப்பவரிடம்.'" தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது பொதுவா எழுதுறது. எல்லா வீட்டுக்கும் இதையேதான் அச்சடிச்சுக் கொடுப்பாங்க."

மகள் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மூன்று மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, வாய்க்கு வந்ததும் சுருங்கிப்போனது.

"வேலைக்குப் போறதைப் பத்தி உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? உனக்கு என்ன தெரியும், வேலைக்குப் போக? அரை மூடி அமிலம் அளந்து ஊத்தத் தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லைதான்.

"அப்பா, அந்தப் பரிசோதகர் அம்மா சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்றாள் மகள்.

"தாராளமா. 'உங்க வீட்டம்மா கெட்டிக்காரி'ன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை வரட்டும், நாளைக்கே போகட்டும். நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னைக்கு மாறியிருக்கேன்?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

அறிக்கையின் அடியில், 'சந்தேகம் இருந்தால் அழைக்கவும்' என்று ஓர் எண் இருந்தது. அவருக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததே இல்லை. அதனால் இதுவரை அழைத்ததும் இல்லை. இன்று அழைப்பது சந்தேகத்தைத் தீர்க்க அல்ல, மனைவியைத் தீர்க்க.

"அவங்க சிரிக்கப் போற சிரிப்பை நீங்களும் கேளுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மணி போயிற்று. அவருடைய கைபேசியில் மட்டுமல்ல. அவர் ஒருநாளும் திறந்திராத சமையலறை அலமாரியில், பாத்திரம் துலக்கும் பொடிக்குப் பின்னால் இன்னொரு கைபேசி அடித்தது.

மனைவி நிதானமாகப் போய் அதை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது.

"பரிசோதகர்தான் பேசுறேன். உங்க வீட்டம்மா கெட்டிக்காரிதான் சார். மூணு மாசமா எங்க கடையிலதான் வேலை பார்க்கிறாங்க."