மாமியார் எடுத்த பெரட்டு

“மாமி செத்தாவோ, இல்லையோ? அதை மட்டும் முதல்ல சொல்லுங்கோ பவுலினா!”

கனடாவிலிருந்து சிவரூபி ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் திரையில் வந்து விழுந்தது. அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லத்தீப் நானாவின் இன்டர்நெட் கடையில் வேலைக்கு நின்ற பவுலினா, ஆள் குறையும் நாலரை மணிக்கு அரட்டைக்கு வந்துவிடுவாள். சிவரூபிக்கு அது விடியற்காலை. நோர்வேயில் இருந்த ஆரூரனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். இராத்திரி வேலை பார்க்கும் சென்னைத் தம்பையா அண்ணனுக்கு அப்போதுதான் பொழுதே விடியும்.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பனியில் தொடங்கிப் பல்வலி வரைக்கும் பேசுவார்கள். ஆனால் எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் ‘அத்தை வீட்டுச் சாவி’ என்ற சென்னை டிவித் தொடரில்தான் வந்து நிற்கும். மற்ற மூவருக்கும் அதைப் பார்க்க வழியில்லை. சென்னையிலேயே இருந்தாலும், அது போகும் நேரத்தில் தான் வேலையில் இருப்பதாகத் தம்பையா சொல்லியிருந்தார். பவுலினாதான் முந்தின நாள் கதையைச் சொல்ல வேண்டும்.

“சாகல. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச கையோட மூத்த மருமகள கூப்பிட்டு, ‘சாவி எங்கடி?’ன்னு கேட்டுச்சு.”

“சனியன்!” என்றாள் சிவரூபி.

“சுடலைக்குப் போனாலும் சாவியோடதான் போகும்” என்றான் ஆரூரன்.

“அப்புறம்மா?” என்றார் தம்பையா. மனிதருக்கு அதைத் தவிர வேறு வார்த்தை தெரியாது.

இதில் கூத்து என்னவென்றால், பவுலினா அந்தத் தொடரை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அது ஆறரை மணிக்குப் போகும். அந்நேரம் அவள் வீடு திரும்பும் மடுல்சீமை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பாள். கங்காணி வீட்டு டிவியில் பார்த்துவிட்டு வரும் அம்மாவைக் கேட்டால், “அந்தப் புள்ள அழுதுச்சு. அப்புறம் முடிஞ்சிருச்சு” என்பாள். ஆறு மாதமாக இதே சுருக்கம்தான். இதை வைத்துக்கொண்டு மூன்று நாட்டுக்காரர்களை எப்படிச் சமாளிப்பது? பவுலினா புளுகத் தொடங்கினாள். காலையில் பஸ் ஏறினால், பதுளையில் இறங்குவதற்குள் ஒரு நாள் கதை தயாராகிவிடும்.

புளுகியதுதான் புளுகினாள், அளவாய்ப் புளுகியிருக்கலாம். போன மாதம் கதை சொல்லும் வேகத்தில், மாமியார் விடிகாலையில் விசிலடித்து மூன்று மருமகள்களையும் முற்றத்தில் நிறுத்திப் பெரட்டு எடுத்ததாகச் சொல்லிவிட்டாள். அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்கு அனுப்புமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. சென்னைப் பங்களாவில் எந்த மாமியார் பெரட்டு எடுப்பாள்? போதாக்குறைக்கு, பிந்தி வந்த சின்ன மருமகளுக்கு அன்றைக்கு அரை வயிற்றுச் சோறுதான் என்று தீர்ப்பும் சொல்ல வைத்தாள்.

“பவுலினா, ஒரு சந்தோசமான விசயம்” என்று சிவரூபி மறுபடி தட்டினாள். “இங்க வீடியோக் கடைக்கு போன கிழமை வரைக்குமான கொப்பி எல்லாம் வந்திட்டுது. சனி, ஞாயிறு முழுக்க இருந்து பாக்கப் போறன். அந்தப் பெரட்டை என்ர கண்ணால பாக்கவேணும்!”

பவுலினா அவசரமாக அரட்டையை மூடினாள்.

“என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்றார் லத்தீப் நானா.

“ஒன்னுமில்ல நானா. தலைவலி.”

பேயறைந்திருந்தால்கூடத் தேவலை. வீட்டில் அவள் வாயைத் திறந்தால், “பேசாம சோத்த வடி” என்பார்கள். கடைக்கு வருகிறவர்கள், “இந்த மெஷின் ஏன் நின்னு போச்சு?” என்பதோடு சரி. அவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தது உலகத்தில் அந்த மூன்று பேர்தான். அவர்களும் காறித் துப்பிவிட்டுப் போகப் போகிறார்கள் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, “மாதாவே, கனடாவுல அந்த வீட்டு வீடியோ டெக் மட்டும் பழுதாகிப் போகணும்” என்று மனமுருகி வேண்டினாள். பாவமா என்று பாதிரியாரிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்து உட்கார்ந்தாள். “என்னைய மன்னிச்சிருங்க. நான் அந்த நாடகத்த” என்பது வரைக்கும் தட்டியிருப்பாள். அதற்குள் சிவரூபி முந்திக்கொண்டாள்.

“பவுலினா! ரெண்டு நாளா நித்திரையே கொள்ளேல்ல. எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே கிடக்கு! மாமி விசிலடிக்கிறா, மருமகள்மார் வரிசையில நிக்கினம், சின்னவளுக்கு அரை வயித்துச் சோறு. ஒரு சொல்லுப் பிசகேல்ல!”

“எங்கட பவுலினா அக்கா எண்டால் சும்மாவோ?” என்றான் ஆரூரன்.

பவுலினா இரண்டு தரம் படித்தாள். டெக்கைப் பழுதாக்கச் சொன்னால், மாதா தொடரையே மாற்றிவிட்டாளா? அந்தப் பெரட்டு, காலை பஸ்ஸில் வரும்போது தன் மண்டையில் உதித்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றும் புரியாமல், தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

அப்போது அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி தனியாக ஒரு சின்னக் கட்டம் திறந்தது. தம்பையா அண்ணன்.

“அவங்க கெடக்கட்டும்மா, நீ சீக்கிரம் அடுத்த கதையைச் சொல்லு. நடிகருங்க எல்லாம் மேக்கப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க, டைரக்டர் கத்துறாரு, நான் இன்னும் ஒரு வரிகூட எழுதல!”