கை தூக்கித் தந்த தீர்ப்பு

"அந்த அம்மா அழுதாங்கங்கறதுக்காக விட்டுடாதீங்க." குற்றவாளிக்கென்று போட்டிருந்த நாற்காலியைக் காட்டினாள் அவள். நாற்காலி காலியாக இருந்தது.

வகுப்பறைதான் நீதிமன்றம். இலக்கியமோ வரலாறோ, எதைப் படித்தாலும் சட்டமும் ஒரு பாடம் அந்தக் கல்லூரியில். வக்கீல் ஆவதற்கு இல்லை, மனுஷர்களைப் படிப்பதற்கு என்பார் மேடம்.

பழைய வழக்கு ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துத் தருவார். இரண்டு பேர் வாதாட, மற்றவர்கள் கை தூக்கித் தீர்ப்பளிப்பார்கள். நிஜ நீதிமன்றம் என்ன சொன்னது என்பதைக் கடைசியில்தான் உடைப்பார்.

இன்றைக்கு ஜெராக்ஸ் இல்லை. மேடம் இப்போதெல்லாம் பஸ்ஸில் வருகிறார், அந்த நெரிசலில் கடைக்குப் போக நேரமேது என்று பின்வரிசை கிசுகிசுத்தது. வழக்கை வாயாலேயே சொன்னார்.

விடிகாலையில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய காவலாளியை ஒரு பையன் காரில் இடித்துவிட்டு, நிற்காமல் வந்துவிட்டான். ஆள் பிழைக்கவில்லை. பையனின் அம்மா அழுதுகொண்டே காரைக் கழுவி, உறை போட்டு மூடி, அவனைப் போய்த் தூங்கச் சொன்னாள். அவள் குற்றவாளியா?

குற்றம் சாட்டும் வேலை இலக்கியம் படிக்கும் இவளுக்கு. கவிதை எழுதுகிறவளுக்குக் கறுப்புக் கோட்டு எதற்கு என்று வீட்டில் கேலி. இன்று ஜெயித்தால்தான் அவளுக்கே தன்மேல் நம்பிக்கை வரும்.

எதிர்த்தரப்பு வரலாற்றுத் துறைப் பையன். "பெத்த மனசுங்க. உங்கம்மா உங்களைப் புடிச்சுக் குடுப்பாங்களா? எங்கம்மா குடுத்துடுவாங்க, சோறு மிச்சம்."

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

காரைத் தேய்க்கும் ஈரக் கைகள் ஒரு கணம் அவள் கண்ணுக்குள் வந்தன. தள்ளிவிட்டாள். தள்ளியபோது உள்ளே சின்னதாய் ஒரு இனிப்பு ஊறியது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

"செத்தவர் வீட்லயும் ஒருத்தி, சைக்கிள் சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்திருப்பா," என்றாள். "இந்தம்மாவோட பையன் வீடு வந்து சேர்ந்துட்டான். அது போதுமா?"

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. கடைசியில் எதிர்த்தரப்புப் பையனும் தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினான்.

மேடம் மெல்ல எழுந்துவந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ்ஸில் நின்று வந்த கால்வலி போலிருக்கிறது.

"நீ வக்கீலா வருவம்மா," என்றார்.

எத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை. அந்தச் சந்தோஷத்தில் கேட்டாள்: "நிஜக் கோர்ட்ல அந்தம்மாவுக்கு என்ன தீர்ப்பு மேடம்?"

மேடம் தன் உள்ளங்கைகளை மடியில் விரித்துப் பார்த்தார்.

"இனிமேதாம்மா போகணும். நானும் என் பையனும்."