பதினொரு சான் இசித்ரோ

கூரைமேல் குழந்தையோடு உட்கார்ந்திருந்த லூர்தெஸின் கணுக்காலுக்கு வெள்ளம் வந்துவிட்டது. தலைநகரில் இருந்த மீட்பு அலுவலகத்துக்கு மறுபடியும் போன் போட்டாள்.

"எந்த ஊர்க்கா?"

"சான் இசித்ரோ. காலையிலயே சொன்னேனே தம்பி."

ஊர்களின் பழைய பெயர்களை அழித்த ஸ்பானியப் பாதிரியார்கள், உழவர்களின் புனிதரான இசித்ரோவின் பெயரையே இந்தத் தீவில் பதினொரு ஊர்களுக்கு வைத்திருந்தார்கள். தன் ஊரின் பழைய பெயர் அவளுக்குத் தெரியாது.

"எங்க கோயில் இசித்ரோவுக்கு இடது கை இருக்காது. சுத்துப்பட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மறுமுனையில் தாள் புரண்டது.

"சான் இசித்ரோ பார்த்தாச்சுன்னு எழுதியிருக்குக்கா," என்றான் அவன். "படகு போயிட்டு வந்துடுச்சு. அங்க தண்ணியே இல்லையாம்."