காபி கொட்டிய பக்கம்

பொற்கொடியின் பிளானர் மேல் கௌதமன் ஒரு டம்ளர் காபியை முழுசாகக் கொட்டிவிட்டான். பக்கங்களைக் கழற்றி இஷ்டப்படி மாட்டிக்கொள்ளும் பிளானர் அது. ஒன்பது வயது மகள் இனியாவுக்கு வீட்டிலேயே பாடம் நடத்த ஆரம்பித்ததிலிருந்து குடும்பமே அதைப் பார்த்துத்தான் ஓடியது.

பக்கங்களைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் காயப்போட்டான். ஒன்றில் மேலே இருந்த பெயர் காபியோடு போய்விட்டது. மிச்சத்தை இரண்டு முறை படித்தான்.

'சடை பின்னுதல்: மூன்றாம் முறையும் ஃபெயில். அரிசிக்குத் தண்ணீர் அளவு: இன்னும் பிடிபடவில்லை. கூப்பிட்டால் காதில் விழாது. திட்டினால் முகம் சுண்டிவிடும், பாராட்டியே சொல்லித்தரவும்.'

கணக்கு எங்கே? அறிவியல் எங்கே? குழம்பிப்போய் நின்றவனுக்கு, பொற்கொடி வாசலிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டது கேட்கவேயில்லை.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று மகளோடு உள்ளே வந்தாள்.

"இனியாவைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிரலாம் பொற்கொடி. எல்லாத்துலயும் ஃபெயிலு! அடுத்த மாசம் நீ டிரெய்னிங்குக்குச் சென்னை போயிட்டா, புள்ள கதி என்னாகறது?"

ஈரத் தாளை நீட்டினான். அம்மாவும் மகளும் அதைப் பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிக்காம நேராச் சொல்லுங்க!"

இனியாதான் சொன்னாள். "அப்பா, அது என்ற பக்கமில்லீங்க, உங்க பக்கம். அம்மா ஊருக்குப் போறதுக்குள்ள உங்களைப் பாஸ் பண்ண வெக்கோணும். டீச்சர் நானுங்க."

கௌதமனின் முகம் சுண்டியது. டீச்சர் அவசரமாகத் தொடர்ந்தாள்.

"ஆனா, தாளெல்லாம் அழகாக் காயப்போட்டிருக்கீங்கப்பா!"