பிறவி அழகு

அருங்காட்சியகத்தில் பழங்கால ரோமாபுரிக் கண்ணாடிக் குப்பி ஒன்று வானவில்லாய் மின்னியது. யாரோ ஒரு சீமாட்டியின் முகப்பூச்சை வைத்திருந்த குப்பி அது.

"சுருக்கத்தை மறைக்க அவள் அப்பு அப்பென்று அப்புவாள். எனக்குப் பூச்சே வேண்டாம். பிறவி அழகு!" என்று பக்கத்திலிருந்த மைக்குச்சியிடம் பீற்றிக்கொண்டது.

"அவளோடு நம்மைப் புதைத்தபோது நீ வெறும் பச்சைக் கண்ணாடிதானே?" என்றது குச்சி.

"பொறாமை!"

அப்போது காப்பாளர் ஒரு பெண்ணை அழைத்துவந்து குப்பியைக் காட்டினார். "இந்த மினுமினுப்பெல்லாம் மண்ணு அரிச்சதால வந்ததும்மா. தோல் உரியுது. தொட்டாலே உதிரும். அதான் யாரையும் தொட விடுறதில்ல."

குப்பி குச்சியை ஏளனமாகப் பார்த்தது.

"கேட்டாயா? என்னை யாரும் தொடவே கூடாதாம். உன்னைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னார்களா?"