பதினேழு புகார்கள்

"அண்ணா, அந்த ஆளு இன்னிக்கும் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான், பாத்தீங்களா?" லாராஸ் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த ஆளு?" என்றான் கிலாங்.

அந்த ஆளே அவன்தான்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில், போன் விளையாட்டுகள் செய்யும் அந்த நிறுவனத்தில் கிலாங்குக்கு ஏழு வருஷம். பத்துப் பேர் ஆளுக்கொரு போனில் சேர்ந்து ஆட வேண்டுமென்றால், போனையும் சர்வரையும் அறுபடாமல் இணைக்க லைப்ரரி என்கிற ஒரு நிரல் தொகுப்பு வேண்டும். அதை எழுதியவன் அவன். நேற்று வந்த லாராஸ் தானும் ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டாள். மணிலாவரை எடுத்தார்கள், பாராட்டினார்கள்.

"புது விளையாட்டுக்கு யாரோட லைப்ரரி ஜெயிக்குதோ, அவங்கதான் டீம் லீடர்" என்று முதலாளி பாக் ஹெர்மன் ('பாக்' என்றால் அங்கே 'ஐயா') சொன்னதிலிருந்து கிலாங்குக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு வந்த பாராட்டையெல்லாம் படித்துப் படித்து வயிறெரிந்தான். கடைசியில் பொய்ப் பெயரில் ஓர் அக்கவுன்ட் தொடங்கினான்.

'சிக்னல் போனா ஆட்டமே போச்சு. இதெல்லாம் ஒரு லைப்ரரியா?'

'ஒரு தடவை சுட்டா ரெண்டு குண்டு பாயுது. எழுதத் தெரியாதவங்க ஏன் எழுதறீங்க?'

இப்படி அவள் லைப்ரரியின் பக்கத்தில் பதினேழு புகார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒன்றுகூடப் பொய்யில்லை. லீவு நாளிலும் ஆபீசுக்கு வந்து தேடித் தேடிப் பிடித்தவை.

ஒவ்வொன்றின் கீழும் லாராஸ், 'நன்றி, சரிபண்ணிட்டேன்' என்று எழுதினாள். அதைப் பார்த்து அவனுக்கு இன்னும் எரிந்தது.

சோதனை நாளில் பாக் ஹெர்மன் இரண்டு லைப்ரரியையும் இரண்டு போனில் ஏற்றி, எல்லோரையும் வேனில் லெம்பாங் மலைப்பாதைக்குக் கூட்டிப்போனார். வளைவுக்கு வளைவு சிக்னல் போய்ப் போய் வந்தது. கிலாங்குடைய ஆட்டம் நாலு தடவை அறுந்தது. லாராஸுடையது ஒரு தடவைகூட அறுபடவில்லை.

"எப்படிம்மா இது?"

"அந்தப் புகார்க்காரராலதான், பாக். அவர் திட்டலேன்னா இது உருப்பட்டிருக்காது."

"யாருன்னு சொல்லு. உன் டீம்லயே போட்டுடலாம்."

கிலாங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேரு தெரியாது, பாக்" என்றாள் அவள்.

பாக் ஹெர்மன் டீ குடிக்க இறங்கிப் போனார்.

"அதிர்ஷ்டம்தான் உனக்கு. எவனோ உழைச்சான், நீ லீடர் ஆயிட்டே" என்று குத்தினான் கிலாங்.

லாராஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, புகார் போடறப்ப, கம்ப்யூட்டர் தானா எழுதி வைக்கிற லாக் ஃபைலை அப்படியே சேர்த்து அனுப்பிட்டீங்க. அதுல முதல் வரியிலயே உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பேரு இருந்துச்சு. பாக் பாத்திருந்தா உங்க வேலையே போயிருக்கும். அதான், பதினேழு தடவையும் அந்த வரியை மட்டும் யார் கண்ணுலயும் படறதுக்குள்ள நானே அழிச்சிட்டேன்."