வேற என்ன வாசனை?

"வந்துட்டாரு உன்னோட 'வேற சார்'!" கல்லாவில் இருந்தவள் கண்ணடித்தாள்.

ஒயின் ஊற்றிக் கொடுக்கும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் கல்லாக்காரியும் இந்த ஒயின் ஆலையில் சேர்ந்து எட்டு மாதம். ஒரு புதன்கிழமைகூட மனுஷன் தப்பியதில்லை. கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்துத் தனியாக வருவார். அறுபது வயதிருக்கும். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ருசி பார்ப்பார். ஒரு பாட்டில்கூட வாங்கியது கிடையாது.

முதலில் வெள்ளை ஒயினை ஊற்றினாள்.

"சொல்லும்மா."

"பச்சை ஆப்பிள் வாசனை. கூடவே எலுமிச்சைத் தோல். குடிச்சதும் நாக்குல லேசா ஒரு உப்பு நிக்கும்."

ஒரு வாய் உறிஞ்சினார். "வேற?"

"அவ்வளவுதான் சார்."

அடுத்தது சிவப்பு.

"செர்ரிப்பழம். கொஞ்சம் மிளகுக் காரம். ஓக் மரப் பீப்பாய்ல இருந்ததால ஒரு புகை வாசனை."

"வேற?" அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

கல்லாப் பக்கம் களுக்கென்று சிரிப்பு. அவ்வளவுதான், வெடித்துவிட்டாள்.

"சார், நான் இங்க வேலை பார்க்க வந்திருக்கேன், பேச்சுத் துணைக்கு இல்ல. உங்க மூக்கு, உங்க நாக்கு. நீங்களே பார்த்துக்கக் கூடாதா?"

அவர் முகம் சுண்டிப்போனது.

"தப்பா நினைக்காதேம்மா. போன வருஷம் ஒரு ஜுரம் வந்துது. ஆள் பிழைச்சேன், மூக்கு போயிடுச்சு. இதுவும் தண்ணியும் எனக்கு ஒண்ணுதான். கேட்டுத் தெரிஞ்சுக்க வீட்டுலயும் ஆள் இல்ல."

அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏப்ரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க சார். நான் சொல்றதெல்லாம் இதுலதான் இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம்."

அவர் வாங்கவில்லை.

"அதை எழுதினவனே நான்தாம்மா."

நீட்டிய தாளை அவள் மெல்ல இறக்கினாள்.

"இந்த ஒயின் எல்லாம் நான் செஞ்சது. மூக்கு போனதும் வேலையும் போச்சு. அது, பாட்டில்ல அடைச்ச அன்னிக்கு மோந்து பார்த்து எழுதினது. ஒயின் உள்ளே மாறிக்கிட்டே இருக்கும். இப்ப எப்படி ஆகியிருக்கோ, எனக்குத் தெரியாது. தாள்ல இல்லாத ஒரு வார்த்தை உன் வாயில வராதான்னுதான்..." நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "தொந்தரவு பண்ணிட்டேன். இனிமே வர மாட்டேன்."

"உட்காருங்க சார்."

இன்னொரு கோப்பை கொண்டுவந்து சிவப்பு ஒயினில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவள் தயங்கினாள்.

"கொஞ்சம் பொறுமையா கேட்டுக்கணும் சார்." குரல் இறங்கியது. "எட்டு மாசமா ஊத்திக் கொடுக்கறேனே தவிர, நான் இதைக் குடிச்சுப் பார்க்கறது இன்னிக்குத்தான் முதல் தடவை."